‘முயற்சி’ என்று எதை அளந்தார்கள்? சான் ஹோசே அறிக்கை: ஒரு மறுவாசிப்பு

2013 வசந்தப் பருவத்தில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகமும் உடாசிட்டி என்ற இணையவழிக் கல்வி நிறுவனமும் சேர்ந்து நடத்திய மூன்று இணையவழிப் பாடங்களின் முடிவுகள் இருவிதமாகப் படிக்கப்பட்டு வந்துள்ளன. படிப்பில் பின்தங்கியவர்களுக்கு இணையவழிக் கல்வி ஒத்துவராது என்பதற்கு அவை சான்று என்பது ஒன்று. உழைத்தவர் தேறினார், உழைக்காதவர் தவறினார், இதில் வழிமுறைக்குப் பங்கில்லை என்பது மற்றொன்று. எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டும் தோல்வியின் காரணத்தை மாணவரின் இயல்பிலேயே தேடுகின்றன. பாடம் தொடங்கிய முதல் சில வாரங்களில் நடப்பதை இரண்டுமே கணக்கில் கொள்வதில்லை.

எண்கள் பலமுறை எடுத்தாளப்பட்டவைதாம். புள்ளியியலில் 50.5 விழுக்காடும், கல்லூரி இயற்கணிதத்தில் 25.4 விழுக்காடும், நுழைவுநிலைக் கணிதத்தில் 23.8 விழுக்காடும் தேறினர். வகுப்பறையில் நடந்த அதே பாடங்களின் விகிதங்கள் இவற்றைவிட வெகுவாக உயர்ந்திருந்தன. ஆனால் ஒப்பிடப்பட்டவர்கள் ஒரே வகை மாணவர்கள் அல்லர். நுழைவுநிலைக் கணிதத்தில் சேர்ந்த பல்கலைக்கழக மாணவர்கள் அப்பாடத்தில் முன்பே தவறியவர்கள். நம் கல்லூரி வழக்கில் சொன்னால் அரியர் வைத்திருந்தவர்கள். வெளியிலிருந்து வந்தவர்களில் ஓக்லாந்தின் உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் உண்டு. அவர்களில் சிலருக்கு வீட்டில் கணினி இல்லை என்பது பாடம் தொடங்கிய பிறகே தெரியவந்தது. இந்த அளவில் முதல் வாசிப்பைக் கைவிடலாம்.

இரண்டாவதை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. அதற்கு ஆதாரம், அதே ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த மதிப்பீட்டு அறிக்கை. ‘முதற்கட்டச் சுருக்கம்’ என்றே தன்னை அழைத்துக்கொண்ட அந்த ஆவணத்தின் முதன்மைக் கண்டுபிடிப்பு இது: மாணவரின் சமூகப் பின்னணி, பாடப்பொருள், உதவிச் சேவைகளைப் பயன்படுத்தியது ஆகிய அனைத்தையும்விட முயற்சியின் அளவீடுகளே தேர்ச்சியோடு வலுவாகத் தொடர்புற்றிருந்தன. பின்வந்தோர் இந்த வாக்கியத்தை எடுத்துக்கொண்ட வேகத்தில், ‘முயற்சி’ எவ்வாறு அளக்கப்பட்டது என்பதை விட்டுவிட்டனர்.

தளத்தில் நுழைந்த நாட்கள், காணொலி பார்த்த நேரம், ஒப்படைத்த பயிற்சிக் கணக்குகள் ஆகியவையே அளவீடுகள். இவை ஒரே தன்மையுடையவை அல்ல. காணொலியை ஓடவிட்டு வேறு வேலை பார்க்கலாம். நிமிடங்கள் சேர்ந்துகொண்டே போகும். ஒப்படைப்பு அப்படியன்று. இரண்டாம் வாரக் கணக்கில் சிக்கிக்கொண்டவர் மூன்றாம் வாரக் கணக்கை ஒப்படைக்க மாட்டார். அவர் முயலாதவர் என்று பதிவாகிறது. உண்மையில் இரவு முழுவதும் அதோடு மல்லாடியிருக்கலாம். கணினி இல்லாத ஓக்லாந்து மாணவரும் இந்த அளவீட்டில் முயற்சி குன்றியவரே. ஆக, ‘முயற்சி’ என்ற மாறி தேர்ச்சியின் காரணமாகவும், பாடம் புரிந்ததன் விளைவாகவும் ஒருசேர நிற்கிறது. தொடர்புக் கணக்கைக் கொண்டு இவ்விரண்டையும் முற்றிலும் பிரிக்க இயலாது. நானும் பிரித்துவிட்டதாகச் சொல்லவில்லை. எனினும் ஒப்படைப்பை மனவுறுதியின் அளவுகோலாகக் கொள்வதைவிட, மாணவர் எந்த இடத்தில் நின்றுபோனார் என்பதன் தடயமாகக் கொள்வதே தரவுக்குப் பொருந்துகிறது.

உதவிச் சேவைகள் பற்றிய முடிவும் இவ்வாறே திரித்துப் படிக்கப்பட்டது. அவற்றால் பயனில்லை என்று சிலர் எழுதினர். ஆனால் அப்படி உதவி கிடைக்கும் என்பதே பல மாணவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை என்பது அறிக்கையிலேயே இருக்கிறது. யாரும் அருந்தாத மருந்தை வேலை செய்யாத மருந்து என்று எப்படிச் சொல்வது? வகுப்பறையில் பின்தங்கும் மாணவருக்கு அடுத்த பெஞ்சுக்காரரின் நோட்டே எச்சரிக்கை மணி. இணையவழியில் அந்த மணி தானாக அடிப்பதில்லை. பெரும்பாலோர் பெயரை நீக்கிக்கொள்ளாமல் கடைசிவரை இருந்துவிட்டுத் தவறினர் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்: தாம் பின்தங்கிவிட்டது அவர்களில் பலருக்கு உரிய காலத்தில் தெரியவில்லை என்றே ஊகிக்கிறேன்.

அதே 2013-இன் கோடையில் மீண்டும் நடந்தபோது புள்ளியியல் தேர்ச்சி 83 விழுக்காட்டுக்கும், இயற்கணிதத் தேர்ச்சி 70-க்கு மேலும் ஏறின. சேர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள். இதனால் ஒப்பீடு பயனற்றது என்பார்கள். எனக்கு அதுவே பயனுள்ள செய்தி. பட்டதாரிகள் கையோடு கொண்டுவந்தது இயற்கணிதத்தை மட்டுமன்று. தாமே கால அட்டவணை போட்டுக்கொண்டு படிக்கும் பழக்கத்தையும்தான். வசந்தப் பருவ மாணவரிடம் அதை எதிர்பார்த்த பாட அமைப்பு, அதைக் கற்றுக்கொடுக்கவில்லை.

மாதிரி சிறியது, தொழில்நுட்பம் பழையது என்ற மறுப்புகள், முதல் சில வாரங்களில் மாணவர் எங்கே நின்றுபோகிறார் என்ற என் கேள்வியைத் தொடுவதில்லை. தளம் எத்தனை மெருகேறினாலும் ஒப்படைப்பின் தவணைத் தேதி தவணைத் தேதிதான்.

நம் நாட்டு மாணவருக்கும் இது அயல்நாட்டுச் செய்தியன்று. 2021-ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகள், ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஒன்றிய அரசின் ஸ்வயம் இணையவழிக் கல்வித் தளத்தின் வழியாகப் படிக்க இடமளிக்கின்றன. அத்தளத்தில் இடம்பெறும், ஐ.ஐ.டி.கள் சார்ந்த என்பிடெல் திட்டத்தின் 12 வாரப் பாடங்களில், வாராந்தர ஒப்படைப்புகளில் சிறந்த எட்டின் சராசரிக்கு 25 மதிப்பெண், நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75. சான்றிதழ் பெற முன்னதில் 10, பின்னதில் 30 எனத் தனித்தனியே எடுத்தாக வேண்டும். அதாவது, தேர்வில் 75-க்கு 75 எடுத்தாலும் ஒப்படைப்புகளைக் கோட்டைவிட்டவருக்குச் சான்றிதழ் இல்லை. பாடத்தில் சேரக் கட்டணமில்லை. தேர்வுக்குத் தனியே பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும், அதற்கும் கடைசித் தேதி உண்டு. இணையவழிப் பாடம் எடுக்க முனையும் மாணவர், தமக்கு அது ஒத்துவருமா என்று யோசிக்குமுன் பார்க்க வேண்டியவை மூன்று: முதல் ஒப்படைப்பின் தேதி, சிக்கிக்கொண்டால் யாரிடம் கேட்பது என்ற விவரம், அப்பாடத்துக்கான கிரெடிட்டைத் தம் கல்லூரி ஏற்குமா என்பது. மூன்றாவதைக் கல்லூரி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.