இராணுவ வாயிலைக் கடக்கும் மோட்டார் சைக்கிள்: தலைக்கவசம் யாருக்காக?

வசாவிளான் – பலாலி வீதி 2025 ஏப்ரல் 10 ஆம் திகதி பொதுமக்களின் போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்டது. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்த பிறகு, ஏறத்தாழ 35 ஆண்டுகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த வீதி அது. வீதி திறந்தது, இருபுறத்துக் காணிகள் திறக்கவில்லை. திறந்தபோது அறிவிக்கப்பட்ட நிபந்தனைகள் இவை: காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே போகலாம். இடையில் வாகனத்தை நிறுத்தக்கூடாது. திருப்பக்கூடாது. படம் எடுக்கக்கூடாது. நடந்து போகக்கூடாது. வேகம் 40 கிலோமீற்றரைத் தாண்டக்கூடாது. அடையாள ஆவணங்கள் கையில் இருக்க வேண்டும்.

சில வாரங்கள் கழித்து என் பெரியம்மாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அந்த வீதியால் போனேன். புறப்படும்போது அவர் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “ஆமிக்காரன் கழட்டச் சொல்லுவான் தானே, பிறகு ஏன் பிள்ளை போடுவான்?”

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு காலம் இருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போன நாட்களில் காவலரண் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போவோம். முகம் தெரிய வேண்டும், கை தெரிய வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரிந்த வீதி ஒழுங்கு. தலைக்கவசம் பொலிசுக்காகப் போடுவது, ஆமிக்காகக் கழற்றுவது என்றுதான் பலர் பழகினோம். தலைக்காகப் போடுவது என்பது இந்தக் கணக்கில் வரவில்லை.

வேறொரு நாட்டின் வாயிலில்

இராணுவத் தளங்களுக்குள் நுழையும் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களுக்கு மிக விரிவான விதிகளை வைத்திருக்கும் நாடு அமெரிக்கா. அதன் பாதுகாப்புத் திணைக்களம் 2009 இல் வெளியிட்ட 6055.04 இலக்க அறிவுறுத்தல் இதன் அடிப்படை. அது கேட்பவை:

தலைக்கவசம்: அந்நாட்டுப் போக்குவரத்துத் திணைக்களத்தின் தரத்துக்கு உட்பட்டது; நாடாப்பட்டி பூட்டப்பட்டிருக்க வேண்டும்.

கண்: முகமூடிக் கண்ணாடி அல்லது பாதுகாப்புக் கண்ணாடி. வண்டியின் முன்புறக் காற்றுத்தடுப்பைக் கண் பாதுகாப்பாகக் கணக்கெடுப்பதில்லை.

உடை: நீளக்கை மேற்சட்டை, நீளக் காற்சட்டை, விரல்களை முழுதாக மூடும் கையுறை.

பாதணி: கணுக்காலையும் மூடும் உறுதியான சப்பாத்து.

படைச் சிப்பாய்க்கு இவை தளத்துக்கு உள்ளேயும் வெளியேயும், கடமையிலும் விடுமுறையிலும் பொருந்தும். ஓட்டுநர் பயிற்சியும் கட்டாயம். தளத்துக்குள் ஓட்டும் பொதுமகனும் அதே கவசங்களை அணிய வேண்டும். இலினோய், அயோவா, நியூ ஹாம்ஷயர் ஆகிய மாநிலங்களில் மோட்டார் சைக்கிள் ஓட்ட வளர்ந்தவர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயமில்லை. ஆனால் அங்கிருக்கும் தளத்தின் வாயிலைத் தாண்ட, கட்டாயம். வெறுந்தலையோடு வந்தவரைக் காவலர் திருப்பி அனுப்பலாம்.

இதன் காரணம் இரக்கம் மட்டுமல்ல. 2008 அக்டோபரில் வெளியான கணக்கின்படி, அதற்கு முந்தைய 12 மாதங்களில் அமெரிக்க மரைன் படையினர் 25 பேர் மோட்டார் சைக்கிள் விபத்துகளில் இறந்திருந்தார்கள். அதே காலத்தில் ஈராக்கில் எதிரியின் தாக்குதலில் இறந்த மரைன்கள் 20 பேர். பயிற்றுவித்த சிப்பாயைத் தெருவில் இழப்பது படைக்கு நட்டம். அந்த நட்டக் கணக்கு பின்னர் வாயிலைக் கடக்கும் எல்லோருடைய தலைக்கும் காவலானது.

இங்கே விதி எந்தப் பக்கம் பார்க்கிறது

இலங்கையிலும் ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் தலைக்கவசம் அணிவது சட்டப்படி கட்டாயம். அதற்கான தரக்கட்டளை எஸ்.எல்.எஸ். 517. ஆனால் பாதுகாப்பு என்ற சொல் வரும்போது நம் நாட்டில் விவாதம் தலையிலிருந்து முகத்துக்குப் போய்விடுகிறது. 2015 இல் முழு முகத்தையும் மூடும் தலைக்கவசத்தைத் தடைசெய்யப் பொலிசார் முயன்றார்கள். கொள்ளையர்கள் அதற்குள் முகத்தை மறைக்கிறார்கள் என்பது காரணம். அந்த ஆண்டு ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடைக்கு இடைக்கால நிறுத்த உத்தரவு கொடுத்தது. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு, முகத்தை மறைப்பது அவசரகால விதிகளால் தடைசெய்யப்பட்டது.

பலாலி வீதியின் நிபந்தனைகளையும் இந்த வெளிச்சத்தில் வாசியுங்கள். 40 கிலோமீற்றர் என்ற ஒன்றைத் தவிர மற்றவை பெரும்பாலும் முகாமை வீதியால் போகிறவரிடமிருந்து காப்பவை. போகிறவரைக் காக்கும் வேலை நம்முடையது.

முகத்தைக் காட்டுவதற்காகத் தலையைக் கைவிடத் தேவையில்லை. முகக் கண்ணாடியை மேலே தள்ளினாலே முகம் தெரியும். கழற்றச் சொன்னால் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, கழற்றிக் காட்டிவிட்டு, மறுபடி பூட்டிக்கொண்டு புறப்படலாம். வாயில் தாண்டிய பிறகு தலைக்கவசத்தைக் கைப்பிடியில் தொங்கவிட்டு ஓடுவதுதான் நம்மிடம் உள்ள பழக்கம். அதை விட வேண்டும். மோட்டார் சைக்கிள் விபத்தில் தலைக்கவசம் மரணத்தை ஏறத்தாழ 42 வீதமும் தலைக்காயத்தை 69 வீதமும் குறைக்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு.

போவதற்கு முன்

நாடாப்பட்டியைப் பூட்டுங்கள், தாடைக்கும் பட்டிக்கும் இடையில் இரண்டு விரல் போகலாம், அதற்கு மேல் கூடாது. ஒருமுறை பலமாக அடிபட்ட தலைக்கவசம் வெளியே நல்லாக இருந்தாலும் மாற்ற வேண்டியது. கறுப்புக் கண்ணாடி பூட்டியதை இத்தகைய வீதிகளுக்குத் தவிருங்கள்.

தேசிய அடையாள அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி நான்கையும் ஒரே உறையில் வையுங்கள். காவலருக்கு முன்னால் பை பையாகத் தேடும் பதற்றம் குறையும்.

இடையில் நிறுத்த முடியாத வீதி என்பதால் பெற்றோலையும் ரயரில் காற்றையும் முதலே பாருங்கள். தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

பின்னால் சீலையோடு இருப்பவரின் முந்தானை சில்லுக்குள் போகாதபடி செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். செருப்பை விடச் சப்பாத்து நல்லது. எங்கள் வெயிலுக்கு அமெரிக்கக் கையுறையும் தடித்த மேற்சட்டையும் எல்லோருக்கும் ஏலாது. நீளக்கைச் சட்டையாவது போடலாம்.

அந்தப் பயணம்

பெரியம்மா கடைசியில் தலைக்கவசத்தைப் போட்டார். பட்டியை நான்தான் பூட்டிவிட்டேன். எங்களைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கண்ணாடியை உயர்த்தினோம், அட்டையைக் காட்டினோம், போகச் சொன்னார்கள்.

கொஞ்சத் தூரம் போனதும் என் தோளைப் பிடித்து, “பிள்ளை, ஒருக்கா நிப்பாட்டு” என்றார். அவருடைய காணி வேலிக்கு அந்தப் பக்கம்.

“நிப்பாட்ட ஏலாது பெரியம்மா, போர்டில போட்டிருக்கினம்.”

அவர் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. 40 என்பது உச்ச வேகம். நான் 20 இல் போனேன். அவர் வேலிப் பக்கம் திரும்பியபடியே இருந்தார். வீதியின் மறுமுனைக்கு வந்த பிறகுதான், அங்கே பனை ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று என்னைக் கேட்டார். நான் வீதியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன் என்றேன். “அப்ப திரும்பியும் இதாலேயே போவம்” என்றார். மணி நாலரை. 5 மணிக்குள் கடக்க வேண்டும். அவரே குனிந்து தன் பட்டியைச் சரிபார்த்துக்கொண்டார்.