மெய்ம்மையிலிருந்து மிகுதிக்கு

வெளிமாநிலங்களில் வாழும் நம் பிள்ளைகள் நாள்தோறும் எடுத்தாளும் ஆங்கிலச் சொற்களுள் 'வெரி' என்பதும் ஒன்று. மிகுதியைக் குறிக்கும் இச்சிறு சொல்லின் வரலாறு நாம் அறிந்து இன்புறத்தக்கது.

கி.பி. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அதன்பின் பிரெஞ்சுச் சொற்கள் பல ஆங்கிலத்திற் புகுந்தன. 13ஆம் நூற்றாண்டளவில் அவ்வாறு வந்ததே 'வெரி'. 'மெய்யான' என்னும் பொருளுடைய 'வேருஸ்' என்ற இலத்தீன் சொல்லே இதன் வேர். 'வெரிஃபை', 'வெர்டிக்ட்' என அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் நாம் கேட்பனவும் அவ்வேரில் முளைத்தவையே. முதலில் 'உண்மையான' என்றே பொருள்பட்ட 'வெரி', பின்னர்க் கூற்றை வற்புறுத்தப் பயன்பட்டது. 'உண்மையாகவே நல்லது' என்பது நாளடைவில் 'மிக நல்லது' ஆயிற்று. 16ஆம் நூற்றாண்டில் மிகுதிப் பொருளே பெருவழக்காயிற்று. மெய்ம்மைப் பொருள் தேய்ந்தது.

மிகுதிச் சொற்கள் பலவும் இவ்வாறே பிறந்து தேய்வன. நிறைவைக் குறிக்கும் 'ஃபுல்' என்பதும் பழைய ஆங்கிலத்தில் 'மிக' எனப் பொருள்பட்டது. செருமானியர் 'மிக' என்பதற்கு வழங்கும் 'சேர்' என்ற சொல் முன்பு வலியைக் குறித்தது. அச்சத்தைக் குறித்த 'டெரிப்ளி' இன்று இனிப்புக்கும் அடையாகின்றது.

நம் மொழியிலும் இதுவே நடந்தது. 'நிரம்ப' என்பதே பேச்சில் 'ரொம்ப' ஆயிற்று. ஆகவே 'பயங்கர அழகு' எனும் இளைஞரைக் கண்டு நாம் பெரிதும் சினக்க வேண்டுவதில்லை. உலகமொழிகளின் இயல்பே அது.

எனினும் நாம் கவலைகொள்ள வேண்டுவது ஒன்றுண்டு. உறு, தவ, நனி என்னும் மூன்றும் மிகுதி உணர்த்தும் எனத் தொல்காப்பியர் உரியியலில் வகுத்தார். பிற்காலத்து நன்னூலார் அவற்றோடு சால, கூர், கழி என்பனவற்றையும் சேர்த்தார். இவற்றுட் 'சால' என்பதன் உறவே ஆந்திரத்தில் வாழும் நம்மவர் கடைத்தெருவில் நாளும் கேட்கும் 'சாலா'. தெலுங்கர் நாவில் அது பேச்சுச்சொல்லாய் உலவ, நம் இல்லங்களிலோ 'சாலச் சிறந்தது' என்னும் மேடைத்தொடரளவில் ஒடுங்கிவிட்டது.

புதுச்சொல் வருவதால் மொழி கெடுவதில்லை. உள்ள சொல்லைப் பிள்ளைகள் செவியிற் கேளாதொழிவதே இழப்பு. 'வெரி குட்' என்று அவர்களைப் பாராட்டும் நாம், இடையிடையே 'நனி நன்று' என்றும் சொல்லிப் பார்ப்போம். எச்சொல்லாற் பாராட்டினும் அது மெய்யாகவும் இருக்கட்டும். 'வெரி' பிறந்ததும் மெய்யிலன்றோ!