பையன் எப்படி வசையானான்?

பிரிட்டனில் அடாவடி இளைஞனை ‘யாப்’ என்று திட்டுவார்கள். அதன் ஆங்கில எழுத்துகளைக் கடைசியிலிருந்து கூட்டிப் படியுங்கள். ‘பாய்’, அதாவது பையன்! 19ஆம் நூற்றாண்டில் லண்டன் தெரு வியாபாரிகள், பிறருக்குப் புரியாமலிருக்கச் சொற்களைத் தலைகீழாக்கிப் பேசினார்கள். அப்படிப் பிறந்தது இது. திட்டு பிறகுதான் ஏறியது.

‘ஹூலிகன்’, 1898 கோடையில் லண்டன் நாளிதழ்களின் நீதிமன்றச் செய்திகள் வழியே பரவியது. ஐரிஷ் குடும்பப் பெயர் ஒன்றே மூலம் என்பார்கள். பாவம், அந்தப் பெயர்க்காரர்கள்!

என்னை உறுத்துவது ‘ச்சாவ்’. ரோமானி மக்களின் மொழியில் சிறுவனைக் குறிக்கும் சொல்லே இதன் வேர் என்பது பலரின் கருத்து. 2004இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் இதை ஆண்டின் சொல்லாக்கியது. ஆனால், தப்பு செய்தவனை மட்டுமா அப்படி அழைத்தார்கள்? விளையாட்டு உடையும் தொப்பியும் அரசாங்கக் குடியிருப்பு முகவரியுமே போதுமாயிருந்தன. உழைக்கும் மக்களை இழிவுபடுத்தும் சொல் இது என்று 2011இல் ஓவன் ஜோன்ஸ் ஒரு நூலே எழுதினார்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பணக்கார மாணவர்களுக்கு ‘புல்லிங்டன் கிளப்’ என்றொரு சங்கம். உணவகங்களை அடித்து நொறுக்குவதில் பேர்போனது. டேவிட் கேமரனும் போரிஸ் ஜான்சனும் அதில் உறுப்பினர்களாக இருந்தவர்கள். இருவருமே பின்னர் பிரதமரானார்கள். ‘ச்சாவ்’ என்ற பெயர் அவர்கள்மேல் ஒட்டவில்லை.