மைனர் சொத்தும் விவேகமுள்ள மனிதனும்

போன மாதம் எங்கள் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் வந்தார். எலுமிச்சைத் தோட்டம் வைத்திருப்பவர். அவருடைய தம்பி இறந்து ஒரு வருஷம் ஆகிறது. தாய் தகப்பன் முன்பே போய்விட்டார்கள். தம்பி தன் சம்பாத்தியத்தில் வாங்கிய ஒன்றரை ஏக்கர் இப்போது மனைவிக்கும் இரண்டு மைனர் பிள்ளைகளுக்கும் உரியது. அதை விற்று ஆஸ்பத்திரிக் கடனை அடைக்க வேண்டும்.

"வாங்குகிறவன் கோர்ட் அனுமதி கேட்கிறான் அண்ணாச்சி. பெத்த தாய் கையெழுத்துப் போட்டாப் போதாதா?" என்றார்.

போதாது என்றேன். ஏன் போதாது என்பதற்கு ஒரு நீண்ட கதை இருக்கிறது. அதில் நம் சிவகிரிக்கும் ஒரு பங்கு உண்டு.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழிச் சட்டத்தில் அடிக்கடி வரும் ஒரு தொடர் 'போன் பேர் த ஃபமீய்'. 'நல்ல குடும்பத் தலைவன்' என்று பொருள். நெப்போலியன் காலத்தில், 1804-இல் வந்த சிவில் சட்டத்தில் வாடகைக்கு இருப்பவன் வீட்டை அப்படிப் பேண வேண்டும். கார்டியன் மைனரின் சொத்தை அப்படி நிர்வகிக்க வேண்டும். கெடுத்தால் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். அதோடு நிற்கவில்லை. மைனருக்காகக் கடன் வாங்கவோ, அவன் நிலத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ பெற்றவர்களே ஆனாலும் உறவினர் அடங்கிய குடும்ப சபையின் அனுமதி வேண்டும். தவிர்க்க முடியாத தேவை, அல்லது கண்கூடான ஆதாயம், இந்த இரண்டில் ஒன்று இருந்தால்தான் அனுமதி. 2014-இல் ஆண் பெண் சமத்துவச் சட்டம் ஒன்றின் மூலம் 'குடும்பத் தலைவன்' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். 'நியாயமான முறையில்' என்பது அதன் இடத்துக்கு வந்தது.

ஆங்கிலேயர் நமக்கு விட்டுப்போன சட்டத்தில் குடும்பத் தலைவன் கிடையாது. 'சாதாரண விவேகமுள்ள மனிதன்' இருக்கிறான். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 151-ஆம் பிரிவைப் பாருங்கள். ஒருவர் நம்மிடம் ஒப்படைத்த பொருளை, அதே போன்ற சொந்தப் பொருளை அந்த மனிதன் எவ்வளவு கவனமாகப் பார்ப்பானோ அவ்வளவு கவனமாகப் பார்க்க வேண்டும். 1882-ஆம் வருஷத்து டிரஸ்ட் சட்டம் 15-ஆம் பிரிவு, டிரஸ்டிக்கும் அதே அளவுகோலை வைக்கிறது. அவன் மேதாவியாக இருக்கத் தேவையில்லை. பயந்து பெட்டியைப் பூட்டி வைப்பவனும் அல்ல. விவேகம் என்பதற்கான லத்தீன் சொல்லே 'முன்கூட்டிப் பார்த்தல்' என்பதிலிருந்து வந்ததுதான். நாம் முன்யோசனை என்கிறோம்.

மைனர் விஷயத்தில் இந்த மனிதன் நம் நாட்டுக்குள் நுழைந்தது 1856-இல். வட இந்தியாவில் ஒரு விதவைத் தாய், மகன் மைனராக இருக்கும்போது எஸ்டேட்டை அடமானம் வைத்தார். சர்க்கார் கிஸ்தி பாக்கி நெருக்கியது. மகன் தரப்பில் அது செல்லாது என்று வழக்கு. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அனுமான் பிரசாத் பாண்டே வழக்கு என்று வக்கீல்கள் இன்றும் சொல்கிறார்கள். தேவைக்கோ எஸ்டேட்டின் நன்மைக்கோ மட்டும், விவேகமுள்ள ஓர் உடைமையாளன் எப்படிச் செய்வானோ அப்படிச் செய்தால் அந்தக் கடன் செல்லும் என்பது தீர்ப்பு. கடன் கொடுப்பவனும் தேவை உண்மைதானா என்று விசாரித்திருக்க வேண்டும். நேர்மையாக விசாரித்துக் கொடுத்தவன், அந்தப் பணம் பிறகு எப்படிச் செலவானது என்று பின்னால் போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். பாளையமாக இருந்து ஜமீனாக மாறிய சிவகிரியின் ஜமீன்தார் ஒருவர் கடன் வைத்துவிட்டுக் காலமானார். மகன் சங்கிலி வீரபாண்டிய சின்னத்தம்பியார் மேல் முத்தையன் செட்டி என்ற கடன்காரர் வந்தார். ஜமீன் பாகம் பிரிக்க முடியாதது, அப்பாவின் கடன் அதைத் தொடாது என்பது மகன் பக்கத்து வாதம். 1882-இல் பிரிவி கவுன்சில் அதை ஏற்கவில்லை. பிரிக்க முடியாத சொத்தே ஆனாலும் தகப்பனிடமிருந்து மகன் கைக்கு வந்த பிறகு, ஒழுக்கக்கேடான காரியத்துக்கு வாங்கியதல்லாத கடனுக்கு அது பொறுப்பு என்றது. தகப்பன் கடனைத் தீர்ப்பது மகனின் தர்மம் என்ற சாஸ்திரமே அதற்கு அடிப்படை.

இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மைனருக்காகக் கடன் வாங்கும் தாய் விவேகமாக நடந்தாளா என்று சட்டம் துருவிக் கேட்டது. தகப்பன் தனக்காக வாங்கிய கடன் விவேகமானதா என்று கேட்கவே இல்லை. ஒழுக்கக்கேடு இல்லையென்றால் போதும் என்று விட்டுவிட்டது. பலன், ஊதாரித் தகப்பனின் சுமை பிள்ளையின் தலையில். புதிதாக வாங்கும் கடனுக்கு இந்தத் 'தர்மக் கடன்' பொருந்தாது என்று 2005-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம்தான் முடித்து வைத்தது.

மைனர் நிலத்துக்கு விடை அதற்கு முன்பே வந்துவிட்டது. சரியாக நூறு வருஷம் கழித்து, 1956-இல் வந்த இந்து மைனர், கார்டியன் சட்டம் 8-ஆம் பிரிவு. பெற்ற தாயே கார்டியன். ஆனாலும் மைனரின் அசையாச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முன்கூட்டியே கோர்ட் அனுமதி வேண்டும். தேவை, அல்லது மைனருக்குக் கண்கூடான ஆதாயம் இருந்தால்தான் கோர்ட் கொடுக்கும். படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1804-இல் பிரெஞ்சுக்காரன் எழுதிய அதே இரண்டு காரணங்கள்! அங்கே குடும்ப சபை, இங்கே கோர்ட்.

அனுமதியில்லாமல் விற்றால் என்ன? பத்திரம் பதிவாகிவிடலாம். பிள்ளை மேஜரான பிறகு மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட்டு அதை ரத்து செய்யக் கேட்கலாம். வாங்கியவன் அதற்குள் கிணறு வெட்டி, கன்று நட்டு, வீடும் கட்டியிருப்பான்.

பக்கத்துத் தெருக்காரருக்கு இது கோபம்தான். "தாயை நம்பாத சட்டம் என்ன சட்டம்?" என்றார். நம்பாததால் அல்ல என்றேன். தாய் நல்லவளாகவே இருக்கலாம். ஆனால் கடன்காரன் வாசலில் நிற்கும்போது, விலையைக் குறைத்துக் கேட்பவன் அவசரப்படுத்தும்போது, எட்டு வயதுப் பிள்ளையால் 'கொஞ்சம் பொறு' என்று சொல்ல முடியாது. அவனுக்காக அதைச் சொல்லத்தான் கோர்ட். அனுமதி கேட்டு நின்றவன் அவருக்கு எதிரி போலத் தெரிந்தான். 1856 தீர்ப்பு சொன்ன விவேகமுள்ள மனிதன் அவன்தான்.

ஆஸ்பத்திரி ரசீதுகளையும் கடன் பத்திரத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, நேற்று இருவரும் சங்கரன்கோவிலுக்கு வக்கீலைப் பார்க்கப் போயிருக்கிறார்கள்.