பில்லிங் மலையில் பாராகிளைடிங்: பறக்கும் முன் பெல்ட்டை பாருங்க!

இமாசலபிரதேச மாநிலம் காங்ரா மாவட்டத்தில் உள்ளது பில்லிங் மலை. உயரம் சுமார் 8 ஆயிரம் அடி. இங்கிருந்து சரிவில் ஓடி காற்றில் எழும்பினால் கீழே பிர் கிராமத்தில் இறங்கலாம். 1980-களில் இங்கு ஹேங் கிளைடர் போட்டிகள் நடந்தன. 2015, 2024-ம் ஆண்டுகளில் பாராகிளைடிங் உலக கோப்பை நடந்தது.

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஹேங் கிளைடருக்கு அலுமினிய சட்டம் உண்டு. குப்புற படுத்தபடி ஓட்டணும். பாராகிளைடர் வெறும் துணியும் கயிறும்தான். மடித்து முதுகில் தூக்கிட்டு போயிடலாம். ரெண்டிலும் என்ஜின் கிடையாது.

அப்புறம் எப்படி மணிக்கணக்கில் பறக்கிறார்கள்? மலைச்சரிவில் மோதும் காற்று மேலே எழும்பும். வெயிலில் சூடான காற்றும் மேலே ஏறும். கழுகு சிறகடிக்காமல் வட்டமடிப்பது இதில்தான். கழுகு சுத்துற இடத்தை பார்த்து பைலட்டும் அங்கே போவார். மலைக்கு பின்பக்கம் போனால் ஆபத்து. அங்கே காற்று சுழன்று கீழே அமுக்கும். துணி மடங்கிவிடும்.

காற்று மட்டுமே எமன் அல்ல. 2024 பிப்ரவரியில் குலு மாவட்டத்தில் பைலட்டுடன் பறந்த தெலுங்கானா பெண் கீழே விழுந்து பலியானார். பெல்ட்டை சரியாக மாட்டவில்லை என்று கூறி பைலட் கைது செய்யப்பட்டார். அதே ஆண்டு அக்டோபரில் பிர் பில்லிங்கில் 2 கிளைடர்கள் நடுவானில் மோதியதில் பெல்ஜியம் நாட்டுக்காரர் பலியானார்.

மழைக்காலமான ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை அங்கு பறக்க தடை. மற்ற நாட்களில் போகிறவர்கள் பைலட்டின் லைசென்சை கேட்டு வாங்கி பார்க்கலாம், தப்பில்லை. தொடைக்கு ரெண்டு, நெஞ்சுக்கு ஒன்று என பெல்ட் மாட்டியாச்சா என்று ஓடுவதற்கு முன்பே தொட்டு பார்த்துக்கணும்.