சுளுக்கு என்று நினைத்த முதுகுவலி... தண்டுவடக் கட்டியாகவும் இருக்கலாமா? அறிகுறிகள் என்னென்ன?

விருத்தாசலம் பீங்கான் கூடங்களில் நாள் முழுக்கக் குனிந்து வேலை பார்ப்பவர்களுக்கும், மங்களூர் ஒன்றியத்து மக்காச்சோளக் காடுகளில் மூட்டை தூக்குபவர்களுக்கும் கழுத்துவலி, முதுகுவலி பழகிப்போன விஷயம். "சுளுக்குதான், நீவி விட்டா சரியாயிடும்" என்று தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாள் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் போய்விடும். ஆனால் அரிதாகச் சிலருக்கு, அந்த வலிக்குத் தண்டுவடக் கட்டி காரணமாக இருக்கலாம்.

தண்டுவடக் கட்டி என்றால் என்ன?

மூளையிலிருந்து முதுகெலும்புக்குள் இறங்கும் நரம்புக் கற்றைதான் தண்டுவடம். அதற்குள்ளேயோ, அதன் உறையிலோ, சுற்றியுள்ள எலும்பிலோ கட்டி வளரலாம். உறையிலும் நரம்பு வேரிலும் வருபவை பெரும்பாலும் புற்றுநோய் அல்லாதவை, மெதுவாக வளரும். எலும்பில் வருபவை பலவும் மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் போன்ற உறுப்புகளின் புற்றுநோய் பரவியதால் வருபவை.

சாதாரண வலியிலிருந்து என்ன வித்தியாசம்?

வேலையால் வரும் வலி, படுத்து ஓய்வெடுத்தால் பொதுவாகக் குறையும். கட்டியால் வரும் வலி பலருக்குப் படுத்தால் அதிகமாகும். நடுராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கும். வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போகும்.

கூடவே இவற்றையும் கவனிக்க வேண்டும்:

* சட்டைப் பொத்தான் போட விரல்கள் தடுமாறுவது
* காலில் இருந்து செருப்பு கழன்றதே தெரியாமல் நடப்பது
* கால் கனத்து, நடை தள்ளாடுவது
* காரணமில்லாமல் எடை குறைவது, ஏற்கெனவே புற்றுநோய் வந்திருப்பது

ஏன் தவறிப்போகிறது?

சாதாரண எக்ஸ்ரேயில் தண்டுவடம் தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுத்தும் தவறலாம். நடுமுதுகில் கட்டி இருந்தால் கால்தான் மரத்துப்போகும். அப்போது இடுப்பை மட்டும் ஸ்கேன் செய்தால் எதுவும் தெரியாது. முதுகெலும்புக் காசநோயும் இதே அறிகுறிகளோடு வரலாம்.

இந்தக் குழப்பம் புதிதல்ல. லண்டனில் ஒரு ராணுவ கேப்டன், முதுகுவலிக்காக 3 ஆண்டுகள் பல மருத்துவர்களைப் பார்த்தார். நரம்புவலி என்றே சொல்லப்பட்டது. கால்கள் செயலிழந்த பிறகுதான் தண்டுவடக் கட்டி என்று தெரிந்தது. 1887-ல் விக்டர் ஹார்ஸ்லி அதை அகற்றினார். அவர் மீண்டும் நடந்தார்.

சிகிச்சை உண்டா?

உண்டு. நுண்ணோக்கி உதவியுடன் அறுவை சிகிச்சை செய்து பல கட்டிகளை முழுமையாக அகற்ற முடியும். சிலருக்குக் கதிர்வீச்சு தேவைப்படும். இந்தப் பகுதி மக்களுக்குப் பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மரில் நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. நடக்க முடிகிற நிலையிலேயே சிகிச்சைக்கு வருபவர்கள் தொடர்ந்து நடப்பதற்கான வாய்ப்பு அதிகம்.

எப்போது உடனே போக வேண்டும்?

சிறுநீர் பிரியாமல் அடைத்துக்கொண்டாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, கால் பலம் திடீரெனக் குறைந்தாலோ மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. அந்த நேரத்தில் நீவி விடுவதும் சுளுக்கு எடுப்பதும் ஆபத்து. அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.