குடத்துக்குள்ள ஓலை, கையில கார்டு

இந்த எபிசோடுக்காக உத்திரமேரூர் வந்திருக்கேன். காஞ்சிபுரத்துல பஸ் ஏறினா நேரா வந்துடலாம். ஊர் நடுவுல வைகுண்டப் பெருமாள் கோயில், அதோட மண்டபச் சுவர் பூராவும் கல்வெட்டு. 'குடவோலை முறை'ன்னு ஸ்கூல்ல ரெண்டு மார்க் கேள்விக்குப் படிச்சோமே, அது இங்கதான் வெட்டியிருக்கு.

நான் வந்தது ரெண்டு மார்க் கேள்வியோட இல்லை. கொஞ்ச நாள் முன்னாடி வரைக்கும் நான் ஃபோன்ல போக்கர் ஆடினவன். 50 ரூபாய் நுழைவுக் கட்டணம், சின்ன டோர்னமென்ட். 'இது சூதா?'ன்னு வீட்டுல கேட்டா, 'இல்லம்மா, திறமை'ன்னு சொல்லுவேன். அது உண்மையான்னு யோசிக்கத்தான் இங்க வந்தேன். ஏன்னா அதிர்ஷ்டத்தை வெச்சு ஒரு ஊரையே நடத்தினவங்க இந்த ஊர்க்காரங்க.

முதல்ல போக்கர். உங்க கையில ரெண்டு கார்டு. நடுவுல மூணு கார்டைத் திறப்பாங்க, அதுதான் ஃப்ளாப். அதுக்கப்புறம் ஒண்ணு, கடைசியா இன்னொண்ணு. ஃப்ளாப் வந்ததும் ஏழு கார்டுல அஞ்சு உங்களுக்குத் தெரிஞ்சிடும். உண்மையான முடிவு அங்கதான் ஆரம்பிக்குது.

ஒரு உதாரணம். கையில ஆர்ட்டின் ஒன்பது, எட்டு. ஃப்ளாப்ல இன்னும் ரெண்டு ஆர்ட்டின். மொத்தம் நாலு ஆச்சு, இன்னும் ஒண்ணு வந்தா ஃப்ளஷ். நடுவுல 300 சிப் இருக்கு, எதிராளி இன்னொரு 300 வைக்கிறார். நான் 300 போட்டா 600 ஜெயிக்கலாம். அதாவது மூணுல ஒரு தடவை ஜெயிச்சாலே கட்டுப்படி ஆகும். பார்க்காத கார்டு 47, அதுல ஆர்ட்டின் 9. அடுத்த கார்டுல வர்ற வாய்ப்பு 19 சதவீதம். ரெண்டு கார்டும் சேர்த்தா 35.

நான் எப்பவும் அந்த 35ஐத்தான் பார்ப்பேன். 'ஆஹா, 33க்கு மேல இருக்கே'ன்னு உள்ள போயிடுவேன். ஆனா அந்த 300 வாங்கித் தர்றது ஒரே ஒரு கார்டை. ரெண்டாவது கார்டைப் பார்க்க எதிராளி மறுபடி விலை கேட்பார். சிப் முழுசும் உள்ள போயிட்டா மட்டும்தான் 35 செல்லும். இல்லைன்னா, ஆர்ட்டின் விழுந்தப்புறம் அவர்கிட்ட இருந்து இன்னும் கொஞ்சம் வரும்ங்கிற நம்பிக்கை வேணும். ரெண்டும் இல்லைன்னா கார்டைக் கீழ வைக்கணும். சின்ன டோர்னமென்ட்ல இன்னொண்ணும் உண்டு: யாரும் லேசுல ஃபோல்டு பண்ண மாட்டாங்க. அதனால ஏமாத்திப் பந்தயம் வைக்கிறது வீண். நல்ல கை வந்தா மட்டும் வை, இல்லைன்னா விடு. ஆக, திறமை இருக்கு. ஆனா அடுத்த கார்டு எதுன்னு முடிவு பண்றது நாம இல்லை.

இப்போ சுவருக்கு வருவோம். முதலாம் பராந்தக சோழன் காலம். 919ல ஒரு விதி வெட்டினாங்க. ரெண்டே வருஷத்துல, 921ல, அதைத் திருத்தி இன்னொண்ணு வெட்டினாங்க. ஊரில் 30 குடும்பு, இன்னைக்கு வார்டுன்னு சொல்ற மாதிரி. தகுதி உள்ளவங்க பேரை ஓலையில எழுதி, குடும்பு வாரியாக் கட்டி, குடத்துல போடுவாங்க. வயசுல மூத்த நம்பி ஒருத்தர் குடத்தை எல்லாரும் பார்க்கிற மாதிரி தூக்கிக் காட்டுவார். உள்ள என்ன இருக்குன்னு தெரியாத ஒரு சின்னப் பையன் எடுப்பான். ஓலையை வாங்குற மத்தியஸ்தன் அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையில வாங்கணும். அவர் வாசிச்சதும், அங்க இருக்கிற நம்பிமார் எல்லாரும் வாசிக்கணும். கேசினோவில டீலர் மேசையை விட்டு எழும்போது ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுவார் பாருங்க, அதே சந்தேகம், அதே தீர்வு.

குடத்துக்குள்ள நடக்கிறது சுத்தமான அதிர்ஷ்டம். ஆனா முன்னாடியும் பின்னாடியும் வேலி. முன்னாடி: கால் வேலிக்கு மேல வரி கட்டுற நிலம், சொந்த மனையில வீடு, 35 வயசுக்கு மேல 70க்குள்ள, வேதப் படிப்பு. பின்னாடி: பதவி 360 நாள். முந்தின மூணு வருஷத்துல வாரியத்துல இருந்தவங்க பேர் குடத்துக்கு வராது. வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவங்களும், அவங்க நெருங்கின சொந்தக்காரங்களும் வரவே முடியாது. இப்படி வந்தவங்கள்ல ஆறு பேருக்கு ஏரி வாரியம். தப்பான ஆள் கையில ஏரி போனா ஊருக்கே சோறு இல்லை.

இதை முழு ஜனநாயகம்னு கொண்டாட என்னால முடியல. இது பிராமணர்களுக்குக் கொடுத்த பிரம்மதேய ஊர். நிலம் இல்லாதவங்க, பெண்கள், உழுதவங்க யாரோட பேரும் குடத்துல இல்லை. ஆனா அதிர்ஷ்டத்தை எங்க விடலாம், எங்க விடக்கூடாதுன்னு அவங்க தெளிவா யோசிச்சிருக்காங்க.

நாம அதிகமா யோசிச்சது பேரைப் பத்தி. 1967ல உச்ச நீதிமன்றம் ரம்மியில திறமைதான் அதிகம்னு சொன்னது. 2021ல தமிழ்நாடு போட்ட தடைச் சட்டத்தை அதே ஆகஸ்ட்ல உயர் நீதிமன்றம் ரத்து பண்ணிச்சு. பணத்தை இழந்து உயிரை விட்டவங்க செய்தி தொடர்ந்து வந்துச்சு. 2022ல மறுபடி ஒரு சட்டம். அதுல ரம்மியும் போக்கரும் 'அதிர்ஷ்ட விளையாட்டு'ன்னு பட்டியல். 2023 நவம்பர்ல சட்டம் நின்னுச்சு, அந்தப் பட்டியல் நிக்கல. 2025ல மாநிலம் வேற வழியில வந்தது: ராத்திரி 12ல இருந்து காலையில 5 வரைக்கும் ஆடக்கூடாது, ஆதார் வேணும். ஜூன்ல உயர் நீதிமன்றம் அதை ஏத்துக்கிச்சு. ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் அந்தக் கேள்வியையே ஓரமா வெச்சிடுச்சு: காசு கட்டி ஆடுற ஆன்லைன் விளையாட்டு, திறமையோ அதிர்ஷ்டமோ, தடை.

அப்போதான் நான் முதல் தடவையா பேங்க் ஸ்டேட்மென்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். ஆறு மாசத்துல போனது, வந்ததைக் கழிச்சு, 11,400 ரூபாய். ஜெயிச்ச ராத்திரி ஒவ்வொண்ணும் எனக்கு ஞாபகம் இருந்துச்சு. தோத்த 50 ரூபாய்ங்க ஒண்ணுகூட ஞாபகம் இல்லை. ஒவ்வொரு ஃப்ளாப்புலயும் சதவீதம் பார்த்தவன், மாசக் கடைசியில ஒரு தடவைகூடக் கூட்டல.

அம்மாகிட்ட சொன்ன பதில் பாதி உண்மை. ஆட்டத்துல திறமை இருந்துச்சு. என்கிட்ட கணக்கு இல்லை. உத்திரமேரூர் விதிப்படி பார்த்தா என் பேரை ஓலையில எழுதவே விட்டிருக்க மாட்டாங்க.

அந்தத் தொகையை வீட்டுல சொல்லிட்டேன். நீங்களும் ஆடினவங்களா இருந்தா, இன்னைக்கு ராத்திரி ஸ்டேட்மென்டை எடுத்து ஒரு தடவை கூட்டிப் பாருங்க. அடுத்த எபிசோடுல இதே ஊர் ஏரியைப் பத்திப் பேசலாம்.